வெட்டிவேர், யூடிகோலன், சவரக்கத்தி: ‘பாரம்பரிய சவரம்’ என்னும் சரக்கு பற்றிச் சில குறிப்புகள்

புதுச்சேரி ஒயிட் டவுன் பரிசுப்பொருள் கடைகளிலும் இணைய விற்பனையிலும் இப்போது ஒரு வகைப் பெட்டி கண்ணில் படுகிறது. மரக்கைப்பிடி போட்ட பிரஷ், ஒரு கிண்ணம், பழைய மாதிரி இரும்பு ரேசர், சந்தனமோ வெட்டிவேரோ கலந்த வட்ட சோப்பு, கூடவே ஒரு சின்ன பாட்டில் ஆஃப்டர் ஷேவ். அட்டையில் பெரும்பாலும் ‘பாரம்பரிய சவரம்’ என்ற பொருளில் ஏதாவது அச்சிட்டிருக்கும்.

பெட்டிக்குள் இருக்கும் சாமான்கள் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. சொல்லப்போனால் அவை நல்லவைதான். டப்பாவை அழுத்தினால் வரும் நுரையை விட, பிரஷ்ஷால் குழைத்துப் போடும் நுரை முடியை நன்றாக ஊற வைக்கும். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. வெந்நீரில் ரெண்டு மூணு நிமிஷம் ஊறினாலே இளகிவிடும். காய்ந்த முடியை வெட்டுவதைவிட அதை வெட்ட மிகக் குறைந்த விசை போதும். ஒற்றை பிளேடு ஒரே தடவை தோலைத் தொடும். ஐந்து பிளேடு ரேசர் ஒரே இழுப்பில் ஐந்து தடவை உரசும். இதெல்லாம் உண்மை. என் சண்டை முழுக்க அட்டையில் இருக்கும் அந்த ஒரு வார்த்தையோடுதான். யாருடைய பாரம்பரியம்?

1. தனக்குத் தானே

கண்ணாடி முன்னால் தனியாக நின்று தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வது ஐரோப்பாவிலேயே ரொம்பப் பழைய பழக்கம் கிடையாது. பாரீசில் கத்தி செய்யும் தொழிலில் இருந்த ழான் ழாக் பெரே, 1770 வாக்கில், தனக்குத் தானே சவரம் செய்யக் கற்றுக்கொள்ளும் கலை பற்றி ஒரு புத்தகமே போட்டார். ஒரு விஷயத்தைப் புத்தகம் போட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அது அப்போது பரவலாக இல்லை என்றுதான் அர்த்தம். அங்கேயும் சவரம் என்றால் நாவிதரிடம் போய் உட்காருவதுதான்.

பெட்டியில் இருக்கும் ரேசர் இன்னும் புதுசு. கிங் கேம்ப் ஜில்லெட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது 1904இல். முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்கு லட்சக்கணக்கில் ரேசர் கொடுத்தது. திரும்பி வந்தவர்கள் அந்தப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வீசி எறியும் பிளேடு என்ற வியாபாரத்தின் பிள்ளைதான் அந்த ரேசர். தாத்தா வைத்திருந்தார் என்பதால் நமக்குப் பழசாகத் தெரிகிறது. தாத்தாவுக்கு அது ஃபேஷன்.

சரி, அந்தத் தாத்தாவின் அப்பா எப்படிச் சவரம் செய்துகொண்டார்? இங்கேதான் பெட்டி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

2. அடைப்பம்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ‘பாரம்பரிய சவரம்’ என்றால் ஒரு மனிதர் அடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வருவார். அடைப்பம் என்பது நாவிதரின் கருவிப் பை. சவரக்கத்தி, கத்தி தீட்டும் தோல், கத்தரிக்கோல், சீப்பு, சின்னக் கண்ணாடி, தண்ணீர்க் கிண்ணி எல்லாம் அதில் இருக்கும். அவர் வீட்டுக்குள் வர மாட்டார். கொல்லைப்புறத்திலோ மரத்தடியிலோ குத்தவைத்து உட்கார்ந்து வேலை செய்வார். கூலி பெரும்பாலும் அறுவடையில் நெல்லாகப் போகும். செவ்வாய், வெள்ளி, அமாவாசை ஆகாது. சவரம் முடிந்ததும் தலையோடு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். அந்தக் குளியல் அழுக்குக்காக மட்டும் இல்லை, தொட்ட தீட்டுக்காக.

அதே ஆள்தான் கட்டியை அறுப்பார், புண்ணுக்கு மருந்து வைப்பார். அவர் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்ப்பார்கள். மருத்துவர் என்று அந்தச் சமூகத்துக்குப் பெயர் வந்தது சும்மா இல்லை. இருந்தும் தமிழில் ஒருத்தரை மட்டம் தட்ட இன்றைக்கும் கைக்கு வரும் வசவு ‘போய் சிரை’ என்பதுதான். கூர்மையான கத்தியை இன்னொருத்தர் தொண்டையில் வைத்து, ஒரு கீறல் விழாமல் எடுக்கிற திறமையை எந்த மொழியாவது இப்படித் திட்டாக்கி வைத்திருக்குமா தெரியவில்லை. 2018இல் வந்த ‘சவரக்கத்தி’ படத்தில் ஒரு நாவிதர் கதாநாயகன் என்பதே பேச வேண்டிய விஷயமாக இருந்தது என்றால், அதற்கு முன்னால் சினிமா அவரை எங்கே வைத்திருந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் காமெடி டிராக்கில்.

சலூன் வந்தபோது இதில் ஒரு பாதி உடைந்தது. கூலி காசாக மாறியது. வாடிக்கையாளர் கடை தேடி வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், வரிசையில் காத்திருந்தார். நாவிதர் நிமிர்ந்து நின்று வேலை செய்தார். குத்தவைத்து உட்கார்வதற்கும் நிமிர்ந்து நிற்பதற்கும் நடுவில் ஒரு சமூக வரலாறே இருக்கிறது. காத்திருக்கும் பெஞ்சில் பத்திரிகைகள் கிடக்கும், சத்தமாகப் படிப்பார்கள், அரசியல் பேசுவார்கள். திராவிட இயக்கம் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததில் டீக்கடைக்கும் சலூனுக்கும் உள்ள பங்கு எல்லோரும் அறிந்ததுதான். மறுபாதி உடையவில்லை. தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கும் சலூன்கள் கிராமங்களில் இருப்பதாகச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆக, நம்ம ஊர்ப் பாரம்பரிய சவரத்தில் திறமையும் உண்டு, தீட்டும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் அந்தச் சொல்லை எடுக்க முடியும்.

பெட்டி செய்வது வேறு. நாவிதரை எடுத்துவிட்டு நுரையை மட்டும் வைத்துக்கொள்கிறது.

3. வாசனைக்கு வருவோம்

வாசனையிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது.

பிரெஞ்சில் ‘வெத்திவேர்’ என்கிறார்கள். தமிழில் இருந்து போன சொல். அகராதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. வெட்டி எடுக்கும் வேர், அவ்வளவுதான் பெயர். 1957இல் கார்வென், அடுத்த சில வருஷங்களுக்குள் ஜிவான்ஷி, கெர்லான் என்று பிரெஞ்சு நிறுவனங்கள் வரிசையாக அந்தப் பெயரிலேயே ஆண்களுக்கான வாசனைத் திரவியம் போட்டன. அதற்குப் பிறகு மேல்நாட்டில் சுத்தமாகச் சவரம் செய்த, சட்டை மடிப்புக் கலையாத ஆண் என்றால் அவர் மேல் வீச வேண்டிய வாசனைகளில் இது ஒன்று என்று ஆகிவிட்டது.

கெர்லானின் வெட்டிவேர் நல்ல படைப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மேலே எலுமிச்சை வகைப் பழங்களின் பளிச், நடுவில் ஜாதிக்காய், மிளகு, அடியில் புகையிலையும் வேரும். கட்டுக்கோப்பானது. ஆனால் அது காய்ந்த வெட்டிவேர். இஸ்திரி போட்ட வெட்டிவேர். நமக்குத் தெரிந்தது ஈர வெட்டிவேர். மண்பானைத் தண்ணீரில் ஒரு கொத்து கிடக்கும். கோடையில் ஜன்னலில் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்போம். அந்த வேர் நனைந்தால்தான் பேசும். முதலில் மண், பிறகு லேசான பச்சை, கடைசியில் ஒரு இனிப்பு. ஆல்கஹாலில் கரைத்த எண்ணெயில் மண் இருக்கும், இனிப்பு இருக்கும், குளிர்ச்சி மட்டும் வராது. குளிர்ச்சி எண்ணெயில் இல்லையே, தண்ணீரில் அல்லவா இருந்தது!

இந்த இடத்தில் நம்ம ஊர்த் தயாரிப்பாளர்களுக்கு ஒரு பொன்னான வாய்ப்பு இருக்கிறது. ஈரச் சவரத்துக்கு ஈர வேரைவிடப் பொருத்தமான வாசனை எது? வெட்டிவேர் ஊறிய பானைத் தண்ணீரிலேயே முகம் கழுவலாம், பிரஷ்ஷை ஊற வைக்கலாம். செலவே இல்லை. ஆனால் சந்தையில் நான் முகர்ந்து பார்த்த ‘உள்ளூர்’ வெட்டிவேர் சோப்புகளில் பல, வேரை விட்டுவிட்டு பிரெஞ்சு பாட்டிலைத்தான் காப்பி அடிக்கின்றன. அதே எலுமிச்சை, அதே புகையிலைச் சாயல். பாரீசுக்குப் போன நம்ம வார்த்தை பாரீஸ் உச்சரிப்போடு திரும்பி வந்து நம்மிடமே விற்பனை ஆகிறது.

இத்தனைக்கும் வேர் விளைவது பக்கத்தில்தான். கடலூர் மாவட்டக் கடலோர மணல் கிராமங்களில் வெட்டிவேர் பயிராகிறது. மணலாக இருந்தால்தான் ஆழமாக இறங்கிய வேரை அறுபடாமல் எடுக்க முடியும். நட்டு ஒரு வருஷம் போலக் காத்திருந்து, தோண்டி, உதறி, கழுவிக் காயவைக்க வேண்டும். முதுகு ஒடிக்கும் வேலை. இன்று உலகத்துக்கு வெட்டிவேர் எண்ணெய் அதிகம் போவது ஹைத்தியில் இருந்து. அங்கேயும் தோண்டுகிற முதுகு ஏழை முதுகுதான். பாட்டிலில் தோட்டக்காரர் பெயர் வராது. பெட்டியில் நாவிதர் பெயர் வராதது மாதிரி.

எதிர்த்திசையில் போன ஒரு சொல்லையும் பார்க்கலாம். 1709இல் கொலோன் நகரில் ஃபரீனா குடும்பம் ஆரம்பித்த வாசனைத் தண்ணீருக்கு பிரெஞ்சில் ‘கொலோன் தண்ணீர்’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். தமிழில் அது யூடிகோலன் ஆனது. நாம் அதை என்ன செய்தோம்? காய்ச்சல்காரர் நெற்றியில் துணி நனைத்துப் போட்டோம். அவர்கள் நம்முடைய குளிர்ச்சி வேரை அலங்காரமாக்கினார்கள், நாம் அவர்களுடைய அலங்காரத் தண்ணீரைக் குளிர்ச்சி மருந்தாக்கினோம். இந்தக் கொடுக்கல் வாங்கல் எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு பக்கமும் பொருளை வாங்கித் தன் வீட்டுத் தேவைக்கு மாற்றிக்கொண்டது. ‘பாரம்பரியம்’ என்று யாரும் அட்டை ஒட்டவில்லை.

ஓல்ட் ஸ்பைஸ் கதை இன்னும் வேடிக்கை. 1938இல் ஷுல்டன் நிறுவனம் அமெரிக்க ஆண்களுக்காகப் போட்டது. பாட்டிலில் பாய்மரக் கப்பல். அந்தக் கப்பல் படங்களில் கிராண்ட் டர்க், ஃப்ரெண்ட்ஷிப் ஆகிய இரண்டும் சேலம் துறைமுகத்துக் கப்பல்கள். நம்ம சேலம் இல்லை, மாசாசூசெட்ஸ் சேலம். மிளகும் பட்டையும் தேடிக் கிழக்கே வந்த வியாபாரத்தின் நினைவைத்தான் அவர்கள் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், வெனிலா என்று பாட்டிலில் அடைத்தார்கள். அது இங்கே வந்து ‘ஃபாரின் வாசனை’ ஆனது. நம்ம அஞ்சறைப்பெட்டி வாசனையை ஃபாரின் என்று நம்பி முகத்தில் தடவிக்கொண்ட தலைமுறைகள் உண்டு. ஆனாலும் ஓல்ட் ஸ்பைஸ் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. அது கிழக்கை உரிமை கொண்டாடவில்லை. தன் ஊர்க் கப்பலைத்தான் பாட்டிலில் போட்டது.

4. தண்ணீர்

பெட்டிக்காரர்கள் மறக்கும் இன்னொரு விஷயம் புதுச்சேரித் தண்ணீர். கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறிக்கொண்டிருக்கும் ஊர் இது. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும். நுரை எழும்பாது, எழும்பினாலும் ஒரு நிமிஷத்தில் படுத்துவிடும். நல்ல சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலம் தாராளமாக இருக்கும், பொட்டாசியம் காரமும் சேர்ப்பார்கள். அதனால் நுரை கெட்டியாக நிற்கும். வாசனைக்குச் செலவு செய்து அடிப்படையில் கஞ்சத்தனம் செய்த குளியல் சோப்பை வட்டமாக வெட்டிச் சவர சோப்பு என்று விற்றால், போர்வெல் தண்ணீரில் அதன் சாயம் வெளுத்துவிடும். வாங்கியவர்கள் குடிதண்ணீர் கேனில் இருந்து ஒரு டம்ளர் எடுத்து நுரை போட்டுப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் தப்பு தண்ணீரில் இல்லை.

சலூன்காரர்களுக்கு இதெல்லாம் தெரியும். நுரை சுமாராக இருந்தாலும் விரலால் தேய்த்து முடியை எழுப்புவார்கள். தோலை இழுத்துப் பிடித்து முடி படிந்த திசை பார்த்துக் கத்தி போடுவார்கள். முடிந்ததும் படிகாரக் கட்டியை நனைத்து ஒரு ஓட்டு. சின்னக் கீறல் இருந்தால் சுருக்கென்று பிடித்து ரத்தம் நிற்கும். பிறகு கொஞ்சம் பவுடர். எய்ட்ஸ் விழிப்புணர்வு வந்த பிறகு தீட்டும் கத்தி ஒதுங்கி, வாடிக்கையாளர் கண் முன்னால் புது பிளேடை ரெண்டாக ஒடித்து மாட்டும் வழக்கம் வந்தது. பாரம்பரியம் என்ற பேச்சே இல்லாமல், தேவைக்கு ஏற்ப மாறிய கைத்தொழில். படிகாரம், டெட்டால், பவுடர், ஈரத் துண்டு சேர்ந்த அந்த சலூன் வாசனைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, பாட்டிலில் அடைக்கவில்லை. தமிழ் ஆண்களில் பெரும்பாலோருக்குச் சவரத்தின் உண்மையான வாசனை அதுதான்.

5. என் தீர்ப்பு

பிரஷ் வாங்குங்கள், நல்ல சோப்பு வாங்குங்கள். இரும்பு ரேசர் ஒருமுறை வாங்கினால் உங்கள் பிள்ளை வரைக்கும் வரும், பிளாஸ்டிக் குப்பையும் குறையும். அதற்கெல்லாம் ‘பாரம்பரியம்’ என்ற சிபாரிசுக் கடிதம் தேவையில்லை. நல்ல பொருள் என்ற காரணமே போதும்.

அந்தச் சொல்லைப் போட்டே தீருவேன் என்று ஒரு தயாரிப்பாளர் சொன்னால், அவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். வேர் எந்த ஊரில் தோண்டியது, தோண்டியவருக்கு என்ன கிடைத்தது? சோப்பு இந்த ஊர்த் தண்ணீரில் நுரைக்குமா? எப்படிப் பிடிப்பது, எப்படி இழுப்பது என்று உள்ளே மடித்து வைத்த தாளை எழுதியது யார்? மூன்றாவதுக்குப் பதில் சொல்லக்கூடிய ஆட்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஒரு சலூன்காரரிடம் காசு கொடுத்துக் கேட்டு, அவர் பெயரைப் போட்டு அச்சடித்தால் அந்தப் பெட்டியை நானே நாலு பேருக்கு வாங்கிக் கொடுப்பேன்.

அதுவரைக்கும் நாட்டுமருந்துக் கடையில் ஒரு கொத்து வெட்டிவேர், ஒரு துண்டு படிகாரம். சலூனில் உட்காரும்போது ‘அண்ணே’ என்று கூப்பிட ஒரு வாய். அந்த வசவை மட்டும் அந்த வாயில் இருந்து எடுத்துவிடலாம்.