அடுக்குப் படிமமும் உள்ளுறையும்: சொல்லாக்கம் குறித்த ஒரு திறனாய்வு

நெடுநாள் நோயுடன் வாழும் கலைஞர்கள் இயற்கையின் ஒளிப்படங்களைக் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புதிய படிமங்களை ஆக்குவதுண்டு. 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் மென்பொருள் 1994இல் தன் மூன்றாம் பதிப்பில்தான் அடுக்கு வசதியைப் பெற்றது. அதற்கு முன்னரே இம்முறையைக் கையால் செய்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் ஒளிப்படக் கலைஞர் ஜோ ஸ்பென்ஸ் (1934-1992). அவர்தம் படைப்புகளைத் தமிழில் விளக்கும்போது எழும் சொற்சிக்கல்கள் இங்கு ஆராயப்படுகின்றன.

1982இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டபின் ஸ்பென்ஸ் தம் உடலையே படப்பொருளாக்கினார். அப்படைப்புத் தொடரின் தலைப்பு 'தி பிக்சர் ஆஃப் ஹெல்த்?' என்பது. ஆங்கில வழக்கில் இத்தொடர் முழு நலமுடைய ஒருவரைச் சுட்டும். 'படம்' என்னும் சொல் ஒளிப்படத்தையும் உணர்த்தும். வினாக்குறி இரு பொருளையும் ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. 'நலத்தின் படம்?' என்று பெயர்த்தால் ஒளிப்படம் எஞ்சும், வழக்கு மறையும். இத்தகைய இடங்களில் தலைப்பை ஒலிபெயர்த்து விளக்கம் தருவதே தக்கது.

பின்னர் அவரைப் பற்றிய இரத்தப் புற்றுநோய், வடுவைப்போல் புறத்தே காணத்தக்கதன்று. எனவே 1991-92இல் உருவான 'தி ஃபைனல் புராஜெக்ட்' என்னும் தொடரில் தம் பழைய ஒளியூடு படங்களை நிலக்காட்சிப் படங்களோடு சேர்த்து அடுக்கினார். ஒளி இரண்டையும் ஊடுருவி வருதலால் எந்தப் படமும் முற்றாக அழிவதில்லை; இரண்டும் ஒன்றையொன்று இருளச் செய்கின்றன. இதனைப் 'படத்திருத்தம்' எனின் மூலத்தில் பிழை இருந்ததாகும். 'திரித்தல்' எனின் படைத்தவர்மேல் பிழை சாரும். 'அடுக்குதல்' என்பது செயலை மட்டும் கூறுவதால் ஏற்புடைத்து.

தமிழ்த் திறனாய்வு இங்கே உள்ளுறையை நினைத்தல் இயல்பு. தொல்காப்பியம் தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை உள்ளுறைக்கு நிலைக்களனாகக் கொள்கிறது. கூறப்படாத அகநிலையை விலங்கும் மரமும் நீரும் உணர்த்துகின்றன. எனினும் ஒப்புமைக்கு எல்லையுண்டு. அகத்திணையில் மாந்தர் பெயர் சுட்டப்பெறார். ஸ்பென்ஸின் படத்திலோ உடல் அவருடையதே என அறியப்படுகிறது. ஆகவே அப்படங்களை உள்ளுறை எனப் பெயரிடுதல் பொருந்தாது. உள்ளுறையைப் படிக்கும் பயிற்சி அவற்றைக் காண உதவும் எனலே பொருந்தும்.

நோயைக் குறிக்கும் அடைகளும் நோக்கத்தக்கன. 'தீராத நோய்' என்பதிலுள்ள எதிர்மறைப் பெயரெச்சம் முடிவை முன்கூட்டியே தீர்ப்பாக வழங்குகிறது. 'நாள்பட்ட நோய்' என்பதிலுள்ள இறந்தகாலப் பெயரெச்சம் கழிந்த நாள்களையே எண்ணுகிறது. 'நெடுநாள் நோய்' என்னும் தொகை காலம் காட்டாது நிற்பதால், நோயோடு இன்றும் பணிபுரிபவரைக் குறிக்க ஏற்றதாகிறது. 'நோயை வென்ற கலை' என்னும் தொடரும் தவிர்க்கத்தக்கதே. நோயைப் போராகக் காட்டும் உருவகங்களின் தீங்கைச் சூசன் சான்டாக் 1978இலேயே எடுத்துக்காட்டினார். ஸ்பென்ஸ் நோயால் இறந்தார், படங்கள் எஞ்சின. வெற்றி என்னும் சொல் அவற்றுள் எதனையும் விளக்கவில்லை.

மருத்துவமனைக் குறிப்பேட்டில் பிழையற்றதாக அமையும் சொல், கலைஞரைப் பற்றிய கட்டுரையில் தீர்ப்பாகிவிடலாம். சொல்லைத் தேர்வு செய்வோர் அகராதிப் பொருளோடு அதன் இலக்கண அமைப்பையும் நோக்குதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.