'மக்கள்' பெயர் நீங்கிய பந்தயம்

"என்ன தோழர், ஊர்ல எவ்வளவோ நடக்குது, நீங்க பெல்ஜியத்துக்காரன் சைக்கிள் ஓட்டுறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" – ஒரு சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்த நண்பர் இப்படிக் கேட்டார். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. திரையில் இருநூறு பேர் சேற்றுத் தண்ணீர் வாரியடிக்க, டிராக்டர் போகும் அகலமே உள்ள கல் பாவிய சாலையில் முண்டியடித்துக் கொண்டிருந்தார்கள். நண்பர் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். "இதுல யாரு ஜெயிக்கிறாங்கன்னே தெரியலையே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். அவருக்கான தாமதமான பதிலாக இதை வைத்துக்கொள்ளலாம். நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் 'ரசிகன்' என்பது கிட்டத்தட்ட வசைச்சொல். இருந்துவிட்டுப் போகட்டும். ரசிகனாக இருந்துகொண்டே ஒரு பிரதியை வாசிக்க முடியாதா என்ன?

தொழில்முறைச் சாலைப் பந்தயங்களின் ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. பிறகு வளைகுடாப் பாலைவனங்களில் எண்ணெய்ப் பணம் விரித்த வழவழப்பான நெடுஞ்சாலைகள். ஃப்ளாண்டர்ஸ்காரர்கள் இதையெல்லாம் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு வருஷம் பிறப்பது பிப்ரவரி கடைசியில் (சில வருஷம் மார்ச் முதல் தேதிகளில்) கென்ட் நகரிலிருந்து கிளம்பும் 'ஓம்லோப்' என்ற பந்தயத்தில்தான். டச்சு மொழியில் 'சுற்று' என்று பொருள். குளிர், மழை, எதிர்காற்று. 1986-லும் 2004-லும் பனி கொட்டியதால் பந்தயமே நடக்கவில்லை. குளிர்காலம் முழுக்கப் பயிற்சி செய்த உடல்கள் முதல்முறையாக இந்தக் கற்களின்மேல் ஏறுகின்றன. யாருடைய காலில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது. ஜூலையில் நடக்கும் டூர் டி பிரான்ஸில் எல்லாமே கணக்குப் போட்டு நடப்பதுபோல இருக்கும். இங்கே கணக்கு தப்பும்.

2015-இல் தப்பியது. கடைசிக் கட்டத்தில் முன்னால் நால்வர். அதில் மூவர் ஒரே அணி – போனன், டெர்ப்ஸ்ட்ரா, வாண்டன்பெர்க். நான்காவது ஆள் இயன் ஸ்டானார்ட் என்ற ஆங்கிலேயர், தனி ஆள். மூன்றுபேர் மாறிமாறித் தாக்கினால் ஒருவன் எத்தனை தடவை துரத்துவான்? துரத்தினான். பிறகு அவனே தாக்கினான், இருவர் கழன்றார்கள், ஒட்டிக்கொண்டு வந்த டெர்ப்ஸ்ட்ராவையும் கோட்டருகே தோற்கடித்தான். போனனுக்கு அந்த ஊரில் கிடைக்காத வெற்றியே இல்லை என்பார்கள்; ஆனால் ஓம்லோப் மட்டும் கடைசிவரை கிடைக்கவேயில்லை. நான் அன்று ராத்திரி தூங்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு சந்தோஷம்.

ரசிகப் புராணம் போதும்.

ரோலான் பார்த் 1957-இல் வெளியான 'மித்தாலஜீஸ்' நூலில் டூர் டி பிரான்ஸைக் காவியமாக வாசித்திருக்கிறார். வீரர்களின் பெயர்களையும் மலைகளையும் அவர் வாசித்தார். ஓம்லோப்பில் நாம் வாசிக்க வேண்டியது பந்தயத்தின் பெயரையே என்று எனக்குத் தோன்றுகிறது. ஃப்ளாண்டர்ஸின் பெரிய பந்தயம் 'ரோண்டெ'. 1913-இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை தொடங்கியது. பிறகு 'ஹெட் நியூஸ்ப்ளாட்' நாளிதழின் கைக்குப் போனது. ஜெர்மன் ஆக்கிரமிப்பின் வருஷங்களிலும் அனுமதியோடு நிற்காமல் நடந்தது. 1945-இல் போட்டிப் பத்திரிகையான 'ஹெட் ஃபோல்க்' தன் பங்குக்கு ஒரு பந்தயத்தைத் தொடங்கியது. முதலில் வைத்த பெயர் 'ஃப்ளாண்டர்ஸ் சுற்று'. இது எங்கள் பெயரைப்போல இருக்கிறதே என்று மற்ற பத்திரிகை சண்டைக்கு வரவே 'ஓம்லோப் ஹெட் ஃபோல்க்' என்று மாற்றினார்கள். ஃபோல்க் என்றால் மக்கள். பத்திரிகையின் பெயரும் அதுவே என்பதால், சொல்லும்போது 'மக்கள் சுற்று' என்றாகிவிட்டது.

இந்த இடத்தில் நம்மில் பலர் புளகாங்கிதம் அடைந்துவிடுவோம் என்பதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கென்ட்டில் 1884 முதல் சோஷலிஸ்டுகளுக்கு 'ஃபோராய்ட்' என்ற தினசரி இருந்தது. அதற்கு எதிராகக் கத்தோலிக்கத் தரப்பிலிருந்து 1891-இல் கிளம்பியதுதான் 'மக்கள்'. சோஷலிச எதிர்ப்பு நாளேடு என்று முகப்பிலேயே போட்டுக்கொண்டது. தொழிலாளியைத் தொழிலாளியிடமிருந்து பிரித்தெடுக்க 'மக்கள்' என்ற சொல் எவ்வளவு தோதானது பாருங்கள். தன் பெயரில் மக்களை வைத்திருக்கிறவன் எவனையும் ஒருதரம் திரும்பிப் பார்க்கிற பழக்கம் நமக்கு வேண்டும்.

ஆனாலும் அந்தப் பெயர் போனபோது ஏன் வலித்தது? 2008-இல் 'ஹெட் ஃபோல்க்' ஹெட் நியூஸ்ப்ளாட்டோடு இணைக்கப்பட்டுக் காணாமல் போனது. 2009-இல் பந்தயத்தின் பெயர் 'ஓம்லோப் ஹெட் நியூஸ்ப்ளாட்' என்றானது. எந்தப் பத்திரிகைக்கு எதிராகப் பிறந்ததோ அதே பத்திரிகையின் பெயர். நியூஸ்ப்ளாட் என்றால் செய்தித்தாள். 'மக்கள்' இருந்த இடத்தில் 'செய்தித்தாள்' வந்து உட்கார்ந்துகொண்டது. இதைக் கதையில் எழுதியிருந்தால் குறியீடு ரொம்பத் தூக்கலாக இருக்கிறது என்று நானே வெட்டியிருப்பேன். பழைய ஆட்கள் வாயில் இன்னும் 'ஹெட் ஃபோல்க்'தான் வருகிறதாம். பேச்சுவழக்கு அவ்வளவு சீக்கிரம் கையெழுத்துப் போடுவதில்லை.

பெயர் மட்டும்தானா? சாலையையும் பார்ப்போம். கெரார்ட்ஸ்பெர்கன் ஊருக்குள்ளிருந்து உச்சியிலிருக்கும் சிறு தேவாலயம்வரை ஏறும் ஒரு கல் பாதை உண்டு. பெயர் 'மியூர்', அதாவது சுவர். சுமார் ஒரு கிலோமீட்டர்தான், சில இடங்களில் 20 சதவீத ஏற்றம். 2011 வரை ரோண்டெயின் முடிவை இந்தச் சுவரும் அடுத்துவரும் போஸ்பெர்க்கும்தான் எழுதிக்கொண்டிருந்தன. 2012-இல் அமைப்பாளர்கள் பந்தய முடிவை அவ்டெநார்டேவுக்கு மாற்றினார்கள். வேறு இரண்டு மேடுகளைத் திரும்பத் திரும்பச் சுற்றிவருகிற பாதை. ஒரே இடத்தில் மூன்று தடவை வீரர்கள் வந்தால் அங்கே கூடாரம் போடலாம். பணம் கட்டியவர்கள் உள்ளே ஷாம்பெயினோடு நின்று பார்க்கலாம். சைக்கிள் பந்தயம் டிக்கெட் இல்லாத ஆட்டம், சாலை பொதுச்சொத்து, நின்றால் பார்க்கலாம் என்பதுதான் அதன்மேல் எனக்கிருந்த பிரியத்தின் அரசியல் நியாயம். அதில் ஓட்டை விழுந்த வருஷம் அது. கெரார்ட்ஸ்பெர்கனில் எதிர்ப்பு ஊர்வலம்கூட நடந்தது.

2018-இல் அந்தப் பழைய முடிவுப் பாதை – சுவர், போஸ்பெர்க், பிறகு நினோவ – ஓம்லோப்புக்குக் கிடைத்தது. கொடுக்க யாரும் தேவைப்படவில்லை. ரோண்டெ, ஓம்லோப் இரண்டையும் நடத்துவது இப்போது ஒரே நிறுவனம். எதிரியின் பெயரோடும் எதிரி கழற்றிப்போட்ட சாலையோடும் ஓடுகிறது இந்தப் பந்தயம். நானோ, சுவரில் ஏறும் அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே வருஷம் பூரா காத்திருக்கிறேன். நான் ரசிப்பது எதை? கழற்றிப்போட்டதைப் 'பாரம்பரியம்' என்று எடுத்துக் கொடுக்கிறார்கள், நானும் கைதட்டுகிறேன். இந்தக் குற்றவுணர்ச்சியைச் சரிசெய்ய எனக்கு வழி தெரியவில்லை. பார்ப்பதை நிறுத்தவும் இல்லை.

சாலை யாருடையது என்ற கேள்வியை எந்தக் கோட்பாட்டாளரையும்விடக் கச்சிதமாகக் கேட்டவர் நிக்கோல் ஹான்செல்மன் என்ற சுவிஸ் வீராங்கனை. பெண்களுக்கான ஓம்லோப் 2006-இலிருந்துதான் நடக்கிறது. 2019-இல் ஆண்கள் கிளம்பிய பிறகு, கொஞ்ச நேர இடைவெளியில், அதே சாலையில் பெண்களை அனுப்பினார்கள். ஹான்செல்மன் கூட்டத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு தனியாகப் போனார். போய்க்கொண்டே இருந்தவர் ஆண்கள் பந்தயத்தின் பின்னால் வரும் வண்டிகளையே எட்டிவிட்டார். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? அவரை நிறுத்தினார்கள். பெண்கள் பந்தயம் முழுவதும் சில நிமிஷம் ரோட்டில் காலூன்றி நின்றது. வேகமாகப் போனதற்காக நிறுத்தப்பட்ட அந்த உடலின் படம் என்னைவிட்டுப் போகவில்லை. மறுபடி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கூட்டம் அவரைப் பிடித்துவிட்டது.

2021-இல் ஜெயித்த ஆணுக்கு 16,000 யூரோ, பெண்ணுக்கு 930. அடுத்த வாரம் இத்தாலியில் நடந்த ஸ்ட்ராடெ பியாங்கே பந்தயத்தின் பெண்களுக்காக ரசிகர்கள் தாங்களே காசு வசூலித்தார்கள். 2023-இலிருந்து ஓம்லோப்பில் இருவருக்கும் சம பரிசு. தானாக இரங்கி வந்ததாக அமைப்பாளர்கள் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் 2025 மார்ச் 1 ராத்திரியும் உட்கார்ந்தேன். பெண்கள் பந்தயத்தில் ஆரம்பத்திலேயே பெரிய பெயர் இல்லாத சிலர் முன்னால் போய்விட்டார்கள். இடைவெளி பத்து நிமிஷத்தைத் தாண்டியது. பெரிய அணிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வந்தன. நீ துரத்து, நீ துரத்து என்று. கேமராவுக்கும் யாரைக் காட்டுவதென்று தெரியவில்லை, நட்சத்திரங்களைக் காட்டிக்கொண்டேயிருந்தது. சுவர் வந்தபோதும் முன்னால் போனவர்கள் முன்னாலேயே இருந்தார்கள். கடைசியில் இரண்டு பேர் – லொட்டெ கிளாஸ், அவுரேலா நேர்லோ. இந்தத் தடவை யாரும் நிறுத்தவில்லை. நினோவயில் கிளாஸ் ஜெயித்தார். நான் நண்பருக்குப் போன் போட்டேன், அவர் எடுக்கவில்லை, தூங்கியிருப்பார்.