ஃபிரேசர் நூலில் சோழமண்டலத் தட்டான்

இந்தியத் தட்டான்களைப் பற்றி யார் எழுதப் புகுந்தாலும் ஒரு நூலைத் தாண்டிச் செல்ல இயலாது. இந்திய மருத்துவப் பணியில் இருந்த மருத்துவர் எஃப். சி. ஃபிரேசர் எழுதி, பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள் பற்றிய நூல்வரிசையில் 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது அது. அதில் வரும் ஒரே ஒரு பேரினத்தை எடுத்துக்கொண்டு, நம் மாணவருக்கு இந்நூல் எதைத் தருகிறது, எதைத் தராமல் விடுகிறது என்று பார்ப்போம்.

செரியாக்ரியான் என்பது அப்பேரினத்தின் பெயர். ஊசித்தட்டான் வகையைச் சேர்ந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களின் வெப்பப் பகுதிகளில் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு எனப் பளிச்சென்ற நிறங்களில் வாழ்வது. இதில் நமக்கு மிகப் பழக்கமான இனத்துக்குக் கோரமண்டலியானம் என்று 1798இல் பெயர் சூட்டியவர் ஃபாப்ரீசியஸ் என்னும் டென்மார்க் நாட்டு அறிஞர். கோரமண்டல் என்பது வேறொன்றுமில்லை, நம் சோழமண்டலந்தான்! நெய்வேலிச் சுரங்கத்தில் நீர் புகாதிருக்க நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். அந்நீர் ஓடும் வாய்க்கால்களின் கரைப் புல்லில் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டிய பூச்சி இது. பச்சை மார்பு, கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத எலுமிச்சை மஞ்சள் வயிறு. உட்காரும்போது சிறகுகளை முதுகின்மேல் சேர்த்து மடக்கிக்கொள்ளும். பெண்ணுக்கு இந்தப் பகட்டு இல்லை. மங்கிய பழுப்பு நிறம்.

ஃபிரேசரின் பலம் துல்லியம். இப்பேரினத்தை அடையாளம் காண நெற்றியில் குறுக்காக ஓடும் சிறு வரம்பைப் பார்க்க வேண்டும். சிறகின் நரம்புகள், ஆணின் வால்நுனி உறுப்புகள் ஆகியவற்றை அவர் விவரிக்கும் முறையில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஆனால் கைலென்ஸ் இல்லாத பள்ளி மாணவன் இங்கேயே நின்றுவிடுவான். பெரும்பாலான படங்கள் கறுப்புக் கோட்டுப் படங்கள். ஆகவே நிறத்தைச் சொற்களே சுமக்கின்றன.

இதைக் குறையென்று சொல்லத் தயங்குகிறேன். தட்டானைக் குண்டூசியில் குத்திப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். சில நாட்களில் நிறம் மங்கிவிடும். (வாலில் நூல் கட்டிப் பறக்கவிடும் சிறுவர்களுக்கு இது தெரிந்த செய்தி.) அதனால்தான் இன்றைய ஆய்வாளர்கள் பூச்சியை அசிடோனில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். நிறம் அழிந்த பூச்சிக்கு முன்னால், உயிருள்ளதைப் பார்த்தவர் எழுதிவைத்த சொல்லே நமக்குச் சாட்சி.

என் மனக்குறை வேறு. இன விவரணைகளில் நிறத்துக்குப் பெயர் இருக்கிறது, காரணம் இல்லை. கோரமண்டலியானத்தின் மஞ்சளையும், அதே பேரினத்துச் செரினோரூபெல்லம் என்னும் இனத்தின் நீலப்பச்சை மார்பையும் படிப்பவர், இரண்டும் ஒரே வகைச் சாயம் என்றே எண்ணிக்கொள்வார். பௌதிகம் படித்தவருக்கு இது உறுத்தும். மஞ்சளும் சிவப்பும் பொதுவாக நிறமிகளின் வேலை. ஒளியில் நீலப் பகுதியை நிறமி விழுங்கிவிட எஞ்சியது நம் கண்ணுக்கு வருகிறது. தட்டான்களின் நீலமோ பெரும்பாலும் அமைப்பினால் உண்டாவது. 1926இலேயே மேசன் என்பவர் இதை எழுதியிருக்கிறார். வானம் நீலமாவதுபோல் நுண்துகள்கள் ஒளியைத் தனித்தனியே சிதறடிப்பதாக அவர் கொண்டார். டின்டால் சிதறல் என்பது அதன் பெயர்.

ஃபிரேசரின் முதல் தொகுதி வந்த மறு ஆண்டு, 1934இல், சர் சி. வி. இராமன் பனங்காடையின் நீலச் சிறகை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்திய அறிவியல் கழகத்தின் புதிய ஆய்விதழின் முதல் தொகுதியில் வந்தது அது. வெறும் டின்டால் சிதறல் அந்த நீலத்துக்குப் போதிய விளக்கமாகாது என்பது அவர் கருத்து. தட்டான்களுக்கு இந்தக் கேள்வி முறைப்படி எழ 2004 வரை ஆயிற்று. அவ்வாண்டு பிரம் என்பவரும் அவரது குழுவினரும் வட அமெரிக்கத் தட்டான்களின் தோல் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அங்கிருந்த நுண்கோளங்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கவில்லை. ஏறக்குறைய சம இடைவெளியில் அமைந்திருந்தன. ஆகவே சிதறிய அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நீலத்தை வலுப்படுத்துகின்றன.

அப்படியானால் எழுபத்தெட்டு ஆண்டுகள் பழைய விளக்கம் எப்படி நிலைத்தது? சோப்புக் குமிழியைத் திருப்பினால் நிறம் மாறுகிறது. ஊசித்தட்டானின் நீலம் அவ்வாறு மாறுவதில்லை. குறுக்கீடு என்றால் மாறியாக வேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள். கோளங்களின் இடைவெளி எத்திசையிலும் ஒரேபோல் இருந்தால் மாற வேண்டியதில்லை என்பது பிறகே தெளிவாயிற்று.

ஃபிரேசரின் தொகுதிகள் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் தொகுதியில் செரியாக்ரியான் பக்கங்களை எடுத்துக்கொண்டு, மழைக்காலம் முடிந்ததும் ஏதேனும் ஒரு குளக்கரைக்குப் போங்கள். நிறத்தைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லின் ஓரத்திலும் 'நிறமியா, அமைப்பா?' என்று பென்சிலால் எழுதிக்கொண்டே படியுங்கள்.