நாற்பத்தோராயிரம் பார்வை, கடைக்கு வந்தவர் யார்?

உத்திரமேரூர் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் என் சித்தி மகன் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறான். போன ஐப்பசியில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கல்லாவில் உட்கார்ந்தபடியே செல்போனை என் பக்கம் திருப்பினான். செக்கில் எள் ஆடுவதை எடுத்து ஒரு சமூக ஊடகத்தில் பணம் கட்டி ஓடவிட்டிருந்தான். ஆறாயிரம் ரூபாய் செலவு. 41,000 பேர் பார்த்ததாகத் திரை சொன்னது.

"நாப்பத்தோராயிரம் பேர் பாத்திருக்காங்கண்ணா. அதுல ஒருத்தர்கூட கடைப்படி ஏறலையே" என்றான்.

போனை வாங்கி விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பார்த்தவர்களில் பெரும்பகுதி சென்னை, கோவை, மதுரை. உத்திரமேரூரும் சுற்று ஊர்களும் பட்டியலில் கண்ணில் படவே இல்லை. விளம்பரத்தை அமைத்துக் கொடுத்த பையன் எல்லை என்ற இடத்தில் 'தமிழ்நாடு' என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஒரு லிட்டர் நல்லெண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்துக் கோவைக்கு அனுப்பினால் பேக்கிங்கும் கூரியரும் லாபத்தைத் தின்றுவிடும். வழியில் உடைந்தால் முதலும் போச்சு. அவனுடைய பொருள் இருபது கிலோமீட்டர் தாண்டாது. அவனுடைய விளம்பரம் ஐந்நூறு கிலோமீட்டர் போய்வந்தது.

சிறு வியாபாரிக்கு இணைய விளம்பரம் தேவையா என்று பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. தேவைதான். எந்தப் பொருளுக்கு எந்தக் கருவி, அது எத்தனை தூரம் போக வேண்டும் என்ற கேள்வியைத்தான் நம் பக்கத்தில் கேட்க ஆளில்லை. கேட்காததன் விலையை மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலில், பலன் தருவதைப் பார்ப்போம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்யக் காசு கிடையாது. இடம், போன் நம்பர், கடை திறக்கும் நேரம், நாலு நல்ல போட்டோ, கடை உண்மையில் அங்கேதான் இருக்கிறது என்று காட்ட ஒரு சரிபார்ப்பு. இவ்வளவுதான். உத்திரமேரூருக்கு இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன; குடத்தில் ஓலையிட்டு ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்பவை. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னார். கல்வெட்டைப் பார்க்க வெளியூரிலிருந்து காரில் வருகிறார்கள், பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், பசியோடு போனில் தேடுகிறார்கள். மேப்பில் நல்ல டிபன் கடை எதுவும் காட்டாவிட்டால் நேரே காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள்.

இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் இந்த ஊர்ப் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. பேருந்துப் பலகையும் அரசு அலுவலகமும் Uthiramerur என்று எழுதுகின்றன; கல்வெட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் Uttaramerur ('உத்தரமேரூர்') என்ற பழைய வடிவத்தையும் கையாள்கிறார்கள். கல்வெட்டைத் தேடி வருகிறவர் ஒரு பெயரைத் தட்டுகிறார், கடை இன்னொரு பெயரில் இருக்கிறது. கடையைப் பற்றிய விவரத்தில் இரண்டு வடிவத்தையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்து எழுத ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. அதற்குக் கட்டணம் வாங்க முடியாது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மேப்பிலும் குறை உண்டு. கடை மூடிவிட்டது என்று யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். நட்சத்திரமும் விமர்சனமும் காசுக்கு எழுதப்படுகின்றன. இணைய விமர்சனங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஒரு தர விதியே கொண்டுவந்தது. ஆனால் விருப்பமுள்ளவர்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது வந்தது.

வாட்ஸ்அப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோர் கையிலும் இருக்கிறது. வியாபாரத்துக்கான தனிச் செயலி 2018-ல் வந்தது. அதில் 'பிராட்காஸ்ட்' பட்டியல் என்று ஒன்று உண்டு. உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். நான் இதைத்தான் அதன் பெரிய பலமாகப் பார்க்கிறேன். கடைக்காரர் நம்பரை ஒருவர் சேமித்து வைத்திருக்கிறார் என்றால் அவர் ஏற்கெனவே பாதி வாடிக்கையாளர். புது எள் வந்திருக்கிறது, இன்று பிழிகிறோம் என்று அவருக்கு ஒரு வரி போனால் அது தொந்தரவு ஆகாது, தகவல்.

படம் போட்டு விற்கும் தளங்கள் எங்கே பலிக்கின்றன என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு நல்ல உதாரணம் ஆரி வேலை. கல்யாண ரவிக்கைக்கு ஆரி போடும் பெண்கள் காஞ்சிபுரம் மாவட்டம் முழுக்க வீட்டிலிருந்தே தொழில் செய்கிறார்கள். கைத்திறமை முழுவதும் படத்தில் தெரிகிறது: மணி, ஜர்தோசி, கழுத்தின் வளைவு. பார்த்துப் பிடித்தவர் அளவு கொடுக்க நேரில் வந்தாக வேண்டும், அதனால் வாடிக்கையாளர் பக்கத்து ஊர்க்காரராகவே இருக்கிறார். பொருளும் தளமும் இப்படிச் சேரும்போது விளம்பரத்துக்குப் பணம் கட்டவே வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண்கள் தங்கள் போன் நம்பரை உலகத்துக்கே திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு வரும் அழைப்புகளையும் அசிங்கமான செய்திகளையும் பற்றி அவர்கள் வருத்தத்தோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்பு எடுப்பவர்கள், தொழிலுக்கென்று தனி சிம் வாங்குங்கள் என்பதையாவது முதல் பாடமாகச் சொல்ல வேண்டும்.

பணம் கட்டி ஓட்டும் விளம்பரத்துக்கு வருகிறேன். அது ஏலம். ஒருவர் விரலால் தள்ளிக்கொண்டே போகும் திரையில் அடுத்த இடம் யாருக்கு என்று நொடிக்கு நொடி ஏலம் நடக்கிறது. தீபாவளி, தை முகூர்த்தம் என்றால் சென்னையின் பெரிய ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் அதே ஏலத்தில் நிற்கின்றன, விலை ஏறுகிறது. எங்கள் ஊர்க் கடைக்காரர் தன் ஆறாயிரத்தோடு சரியாக அந்த வாரத்தில்தான் உள்ளே போகிறார். பண்டிகைக் கூட்டம் இல்லாத மாதத்தில் போயிருந்தால் அதே பணம் இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

மாதக் கட்டணத்துக்கு விளம்பரம் பார்த்துக்கொள்கிறோம் என்று வருகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அவர்கள் கொடுக்கும் அறிக்கையில்தான் கோளாறு. எத்தனை பார்வை, எத்தனை லைக், எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று இருக்கும். எத்தனை பில் போட்டீர்கள் என்ற வரி இருக்காது.

வில்லேஜ் குக்கிங் சேனலைப் பாருங்கள் என்று கடைக்காரர்களிடம் சொல்வார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018-ல் தொடங்கி, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் அது. அதை நடத்தும் பெரியவரும் அவருடைய பேரன்மாரும் உழைத்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவர்களுக்கு வீடியோவேதான் சரக்கு. பார்வைதான் வருமானம். எண்ணெய்க் கடைக்காரருக்கு எண்ணெய் சரக்கு, வீடியோ செலவு. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவது எங்கள் பையன்களுக்குச் செய்யும் பெரிய கெடுதல். எத்தனை பேர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ரீல்ஸ் எடுக்கக் கிளம்பியிருக்கிறார்கள் தெரியுமா?

எனக்கு மனசு கனத்துப் போவது பட்டு விஷயத்தில்தான். தூரம் தாண்டி விற்கத் தகுந்த சரக்கு என்று எங்கள் மாவட்டத்தில் ஒன்றைச் சொல்வதென்றால் அது பட்டுப் புடவை. எடை குறைவு, விலை அதிகம், உடையாது, உலகமெங்கும் கேட்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். இணையம் நெசவாளிக்கு வரப்பிரசாதமாக இருந்திருக்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-லேயே கிடைத்துவிட்டது. அதைப் போலியாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. கைத்தறிக்கென ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று 1985-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் போனைத் திறந்தால் 'காஞ்சிபுரம் பட்டு 999 ரூபாய்' என்று வருகிறது. கோர்வை போட்ட ஒரு புடவை தறியிலிருந்து இறங்கப் பத்து நாளிலிருந்து இருபது நாள் வரை ஆகும். உடலும் கரையும் தனித்தனி நிறத்தில், தனித்தனி நாடாவில் ஓடிக் கோர்க்கப்படுகின்றன. பட்டு நூலின் விலையும் ஜரிகையில் சேரும் வெள்ளியின் விலையும் தெரிந்த யாரும் அந்த 999-ஐப் பார்த்து ஒரு கணம்கூட நம்ப மாட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் பேத்திக்கு அது தெரியாது.

கையில் எடுத்தால் தெரிந்துவிடும். புடவையைத் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவினால் கோர்வையின் மேடு தட்டுப்படும். அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை எட்டிப் பார்க்கும். திரையில் இந்த இரண்டும் கிடையாது, பளபளப்பு மட்டும்தான். நல்லதுக்கும் போலிக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைத் துடைத்துவிட்டு, இரண்டையும் ஒரே அளவு கட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விலையை மட்டும் பெரிதாகக் காட்டும் சந்தையில் கைத்தறி எப்படி ஜெயிக்கும்?

நெசவாளியே நேரடியாக விற்கலாமே என்று சென்னையிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். தறியில் ஏறியிருக்கும் பாவு பெரும்பாலும் நெசவாளியுடையது இல்லை. கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ நூலும் ஜரிகையும் கொடுக்கிறார்கள், நெய்து கொடுத்தால் கூலி. அடுத்தவர் பாவில் நெய்த புடவையை அவர் எப்படிப் படம் எடுத்து விற்பார்? சொந்த முதல் போட்டுப் பாவு வாங்கும் சில குடும்பங்களில் படித்த பிள்ளைகள் தறியையும் அப்பாவையும் வீடியோ எடுத்து நேரடியாக விற்கிறார்கள். அந்தப் பணத்தில் இடைத்தரகர் பங்கு இல்லை, பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் புது புட்டா ஒன்றைப் போட்டுக் காட்டினால் அதே டிசைன் வேறெங்கோ விசைத்தறியில் ஏறி, மலிவு விலையில் திரும்ப இவர்கள் கண்ணிலேயே படுகிறது. முதல் தடை முதலீடு, இரண்டாவது தடை திருட்டு. இரண்டையும் எந்த மார்க்கெட்டிங் வகுப்பும் தீர்க்காது.

நாம் வாடிக்கையாளரைச் சேர்க்கும் தளம் யாருடைய இடம் என்பதையும் பார்க்க வேண்டும். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. அதை நம்பி வாடிக்கையாளர் கூட்டம் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கூட்டம் ஒரே ராத்திரியில் இல்லாமல் போனது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாக ஆறு மணி நேரம் போல முடங்கின. தமிழ் வலைப்பூக்காரர்கள் இதை முன்பே பட்டவர்கள். வலைப்பூப் பதிவுகளைத் தொகுத்துக் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகளில் பெயர் வந்தால்தான் வாசகர் என்றிருந்த காலம் ஒன்று. பிறகு வாசகர்கள் ஃபேஸ்புக்குக்குப் போனதும் எழுதியவர்களும் பின்னாலேயே போனார்கள். தமிழ்ப் பக்கங்களுக்குக் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் 2018-ல் வந்தபோது, பல ஆண்டு எழுதிச் சேர்த்த அந்த வலைப்பூக்களில் பலவற்றில் பதிவு நின்றுபோய் வருஷங்கள் ஆகியிருந்தன. வாடிக்கையாளரின் பெயரையும் நம்பரையும் கடைக்காரர் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

இணைய விற்பனைத் தளத்தில் ஏறி மாநிலம் தாண்டி விற்க வேண்டுமென்றால் ஜிஎஸ்டி எண்ணும் வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குக் கீழே விற்றுமுதல் உள்ளவர் தன் மாநிலத்துக்குள் மட்டும் தளத்தின் வழியே சரக்கு விற்றால் அந்த எண் இல்லாமலே விற்கலாம் என்று விதி தளர்ந்திருக்கிறது. எங்கள் ஊர்ச் சிறு கடைகளுக்கு இது நல்ல செய்தி, கேள்விப்பட்டவர்தான் குறைவு.

குடவோலைக் கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் ஊர்ப்பணத்துக்குக் கணக்குக் கேட்ட ஊர் இது. விளம்பரத்துக்குக் கட்டும் பணத்துக்கும் அதே கணக்கைக் கேட்க வேண்டும் என்றுதான் தம்பியிடம் சொன்னேன்.

அவன் இப்போது கல்லாவில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறான். புதிதாக வருகிறவரிடம் "கடை எப்படிங்க தெரிஞ்சது?" என்று கேட்டு ஒரு கோடு போடுகிறான். மேப்பில் இரண்டு எழுத்துக்கூட்டலையும் சேர்த்தாயிற்று, வீடியோ எடுப்பதும் தொடர்கிறது, பணம் கட்டி ஓட்டுவது மட்டும் நின்றிருக்கிறது. தை மாதம் வந்த புதியவர்கள் 38 பேர். மேப் பார்த்து வந்தவர்கள் 17, தெரிந்தவர் சொல்லி வந்தவர்கள் 14, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதைப் பார்த்தவர்கள் 5, வீடியோ பார்த்து வந்தவர்கள் 2.