ஊமை ராணியின் மொழி

மயிலாப்பூர் மாட வீதிகளை அடுத்த பழைய வீடுகளில், பரண்மேல் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில், வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்த தடித்த புத்தகங்கள் இருந்த காலம் ஒன்று உண்டு. என் பாட்டி சேர்த்து வைத்திருந்த, கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' அப்படிப்பட்டதுதான். 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் வெளிவந்த அந்தப் பக்கங்கள் பழுப்பேறி, மணியம் தீட்டிய சித்திரங்களின் ஓரம் மடங்கி, தாளிப்பை இறக்கிவிட்டு வந்து புரட்டிய விரலின் எண்ணெய்க் கறை ஆங்காங்கே படிந்திருந்தன. அந்தக் கறை ராஜாங்கச் சதியாலோசனை நடக்கும் இடங்களில் அதிகம் இல்லை. குந்தவையும் வானதியும் பேசிக்கொண்டிருக்கும் இடங்களிலும், பூங்குழலி நடுக்கடலில் தனியே படகு செலுத்தும் இடத்திலும், எல்லாவற்றுக்கும் மேலாக ஊமை ராணி மந்தாகினி தோன்றும் அத்தியாயங்களிலுமே அதிகம் இருந்தது. சரித்திர நாவலின் ஜீவன் எங்கே இருக்கிறது என்பதை எந்த விமர்சகரையும் விடத் தெளிவாக எனக்குக் காட்டியது அந்தக் கறைதான்.

நம் நாட்டுச் சரித்திரம் ஸ்திரீகளைக் கொடையாளிகளாக அறியுமே அன்றி, மனம் படைத்தவர்களாக அறியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கை கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டும்படி ராஜராஜன் ஆக்ஞாபித்தான். அந்தத் தமக்கை குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்பதையும் அக்கோயிலின் கல்வெட்டே சொல்கிறது. அவள் அளித்த பொன்னும் திருமேனிகளும் அங்கே கணக்குப் பிசகாமல் இருக்கின்றன. ஆனால் சாம்ராஜ்யத்தையே தாங்கக்கூடிய புத்தி படைத்த அந்த ராஜகுமாரி, பெரிய ராஜ்யம் எதுவும் இல்லாத ஒரு வீரனிடம் எதைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தாள் என்று கேட்டால் கல் மௌனமாகிவிடுகிறது. அந்த மௌனம் தொடங்கும் இடத்தில்தான் நாவலாசிரியனின் தொழில் தொடங்குகிறது.

'கர்நாடகம்' என்ற புனைபெயரில் சங்கீத, நாட்டியக் கச்சேரிகளைப் பற்றி எழுதிவந்த கல்கி, 1944-இல் 'சிவகாமியின் சபத'த்தைத் தொடங்கியபோது, அடையாற்றில் 1936-இல் தோன்றிய கலாக்ஷேத்திரமும் மயிலாப்பூர்ச் சபைகளும் பரதக் கலைக்குப் புதிய மரியாதையைத் தேடித் தந்துகொண்டிருந்தன. ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமியின் பாதங்களில் அந்தக் காலத்தின் சலங்கையொலியும் கலந்தே கேட்கிறது. சளுக்கியர் தம் தலைநகர் வாதாபிக்குச் சிறைபிடித்துச் சென்ற அவள், அந்நகர் எரிந்தாலன்றி அதை விட்டு வருவதில்லை என்று சபதம் செய்து காத்திருக்கிறாள். சரித்திரம் 642-ஆம் ஆண்டு என்று குறிக்கும் வாதாபி வெற்றியும் வருகிறது. ஆனால் வென்று வந்த அவள் காதலன், பல்லவச் சக்கரவர்த்தி மாமல்லனோ பாண்டிய ராஜகுமாரியின் கணவனாகிவிட்டான். ஏகாம்பரநாதர் சந்நிதியில் தன்னை இறைவனுக்கே மணவாட்டியாக்கிக்கொண்டு அவள் ஆடத் தொடங்க, சக்கரவர்த்தி ஓசையின்றி வெளியேறுகிறார், ஆட்டமோ நிற்கவில்லை. தோற்றுப்போன காதல் கலையாக மாறும் அந்த க்ஷணத்தில், வாதாபி வெற்றி முழுவதுமே சிறுத்துப்போய் விடுகிறது.

ஆனால் என் மனத்தில் முதலிடம் மந்தாகினிக்குத்தான். சம்பாஷணையினாலேயே கதையை நடத்தும் வித்தையில் கல்கிக்கு நிகராகச் சொல்ல எனக்கு ஒருவரும் தெரியவில்லை. அப்பேர்ப்பட்டவர், தம் மகா காவியத்தின் ஆழமான அன்பை, ஒரு வார்த்தையும் பேச முடியாத ஒருத்தியிடம் ஒப்படைத்தார் என்பதை எண்ண எண்ண வியப்பாக இருக்கிறது. ஈழத்துப் பாழ் மாளிகை ஒன்றில் விளக்கைத் தூக்கிப் பிடித்து, சுவரில் தான் எழுதிய சித்திரங்களை ஒவ்வொன்றாக, பின்னாளில் ராஜராஜனாகும் அருள்மொழிவர்மனுக்குக் காட்டுகிறாளே, அந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். தீவில் ஒரு பெண், அவளை நாடி வந்த ராஜகுமாரன், அவன் பிரிந்து போனது, பிறகு காவிரி வெள்ளத்திலிருந்து ஒரு குழந்தையை எடுத்துக் காப்பாற்றிய கரங்கள் என்று ஓர் ஆயுட்காலமே அந்தச் சுவரில் இருக்கிறது. கடலில் விழுந்து மாண்டவள் என்று அந்த ராஜகுமாரனான சுந்தர சோழர் நம்பியிருந்த அவளே, கடைசியில் அவர்மேல் எறியப்பட்ட வேலைத் தன் உடலில் ஏற்று உயிர் விடுகிறாள். குறை ஒன்றையும் அவள் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு நாவும் இல்லை. நம் சரித்திரத்தில் பெயரளவில் நின்றுபோன எத்தனையோ மாதர்கள் இப்படி ஊமை ராணிகளே அல்லவா? அவர்கள் அனைவருக்குமாகத்தான் அந்தச் சுவரில் சித்திரம் எழுதப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னால் வந்த நா. பார்த்தசாரதியின் 'பாண்டிமாதேவி'யும், விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி'யும் தலைப்பிலேயே பெண்ணை முன்னிறுத்தி அந்த மரபைத் தொடர்ந்தன. இன்று தியாகராய நகர்ப் பதிப்பகங்களில் இவற்றின் புதுப் பதிப்புகளை எளிதாக வாங்கலாம். 'பொன்னியின் செல்வ'னை வாங்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வந்தியத்தேவனின் குதிரையோடு ஓடி முதல் வாசிப்பை முடித்துவிடுங்கள், அதில் தவறில்லை, இரண்டாம் முறை படிக்கும்போது, அந்தப் பாழ் மாளிகைச் சுவர் வரும் இடத்தில் குதிரையை விட்டு இறங்கி, அவள் பிடித்த விளக்கொளியில் சற்று நேரம் நில்லுங்கள்.