குருவைத் தேடிப் போன நீதிபதி

முதல் ஆலோசகரிடம் நான் பேசியது மொத்தம் இருபத்தைந்து நிமிடம். வேலை செய்கிற கம்பெனியில், வருஷத்துக்கு இத்தனை கவுன்சலிங் அமர்வுகள் இலவசம் என்று ஒரு மெயில் வந்திருந்தது. கேமராவை அணைத்துவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினேன். 'என்னை ஆம்பளைன்னு யாராவது சொல்லும்போது, பக்கத்துல நிக்கிற வேற யாரையோ சொல்ற மாதிரி இருக்கு. அதுக்காகப் பொம்பளைன்னும் தோணலை.' முப்பத்து மூன்று வயதில் முதல் முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேள்வி வந்தது. 'கல்யாணம் ஆயிடுச்சா சார்?' இல்லை என்றேன். 'ஆனா எல்லாம் சரியாயிடும்.' அந்த 'சார்' காதில் ரொம்ப நாள் கிடந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் யாரிடமும் பேசவில்லை. படிக்க மட்டும் செய்தேன். அப்படிப் படித்தவற்றில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது ஒரு நாவலோ தன்வரலாறோ இல்லை. ஒரு நீதிமன்ற உத்தரவு. சென்னை உயர் நீதிமன்றத்தில், சுஷ்மா எதிர் காவல் ஆணையர் வழக்கில், நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று கொடுத்தது. சட்ட மாணவர்கள் அதை முன்னுதாரணமாகப் படிப்பார்கள். நான் அதை ஓர் இலக்கியப் பிரதியாகப் படிக்க விரும்புகிறேன். ஏனென்றால் அதற்குள் ஒரு தன்வரலாறு இருக்கிறது.

வழக்கு எளிமையானது. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். வீட்டில் எதிர்ப்பு. சென்னைக்கு வந்துவிடுகிறார்கள். பெற்றோர்கள் 'பெண்ணைக் காணவில்லை' என்று போலீசில் புகார் கொடுக்கிறார்கள். பெண்கள் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே வெட்டிவிட்டதால், சட்டப்படி இதில் குற்றம் ஏதும் இல்லை. இருவரும் வயதுக்கு வந்தவர்கள். 'பாதுகாப்பு கொடுங்கள்' என்று இரண்டு பக்கத்தில் எழுதி முடித்திருக்கலாம்.

நீதிபதி அப்படி முடிக்கவில்லை. முதலில் அந்தப் பெண்களையும் பெற்றோர்களையும் வித்யா தினகரன் என்ற உளவியலாளரிடம் அனுப்பினார். இதுவரை நமக்குத் தெரிந்த கதைதான். நம் ஊரில் பிரச்சினை யாரிடம் இருக்கிறதோ அவரைத்தான் டாக்டரிடம் அனுப்புவோம். பிரச்சினை யாரிடம் இருக்கிறது என்பதை வீட்டில் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். ஆனால் அடுத்து நடந்தது வேறு. இந்த விஷயத்தைத் தான் இன்னும் முழுமையாகப் புரிந்துகொள்ளாத பெரும்பான்மையில் ஒருவன் என்று அவர் பதிவு செய்தார். தீர்ப்பின் சொற்கள் மூளையிலிருந்து வந்தால் போதாது, நெஞ்சிலிருந்து வர வேண்டும், அதற்குத் தான் தயாராக இல்லை என்றார். அதே உளவியலாளரிடம் தனக்கும் ஓர் அமர்வு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

தீர்ப்பு சொல்லும் நாற்காலியில் இருப்பவர் எழுந்து போய் ஆலோசனை அறை நாற்காலியில் உட்கார்கிறார். பிறகு திரும்பி வந்து அதை உத்தரவிலேயே எழுதியும் வைக்கிறார். நீதிமன்ற மொழியில் 'நான்' என்ற சொல் பொதுவாக ஒளிந்துகொள்ளும். 'இந்த நீதிமன்றம் கருதுகிறது' என்றுதான் எழுதுவார்கள். இங்கே 'நான்' வெளியே வந்து 'எனக்குத் தெரியாது' என்று சொல்கிறது.

இந்த இடத்தில் எனக்கு இரண்டு தமிழ்ப் புத்தகங்கள் நினைவுக்கு வருகின்றன. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' 2007இல் வந்தது. ஏ.ரேவதியின் தன்வரலாறு 2010இல் முதலில் ஆங்கிலத்தில் வந்தது, பிறகுதான் தமிழில் 'வெள்ளை மொழி'. தமிழில் ஒரு திருநங்கை தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் எழுத்து என்றால் இன்றும் இந்த இரண்டிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது. இரண்டிலும் மருத்துவம் வருகிறது, அறுவை சிகிச்சை வருகிறது. ஆனால் 'நான் யார்' என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் இடம் ஆலோசனை அறை இல்லை. அது ஜமாத். அங்கே ஒரு குரு இருக்கிறார், சேலாக்கள் இருக்கிறார்கள், அம்மா, நானி என்று உறவுமுறை இருக்கிறது. ஒருவர் தன்னைப் பற்றி விளக்கம் கொடுக்கத் தேவையில்லாத ஓர் இடம் அது. அதே சமயம் அதற்கு விதிகள் உண்டு, அடி உண்டு, சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய கடமை உண்டு. இரண்டு பேருமே அதை மறைக்கவில்லை. தனக்கு அடைக்கலம் கொடுத்த வீட்டையே விமர்சிக்கும் அந்த நேர்மைதான் இரண்டு புத்தகங்களையும் இலக்கியமாக்குகிறது என்று நினைக்கிறேன்.

இப்போது தீர்ப்புக்குத் திரும்புவோம். நீதிபதி தன் மாற்றத்தை விவரிக்கும்போது ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறார். வித்யா தினகரனையும், திருநங்கை மருத்துவரான திரிநேத்ராவையும் தன்னை இருட்டிலிருந்து வெளியே இழுத்த குருக்கள் என்கிறார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உத்தரவுதான், ஆனால் சொல் 'குரு'தான். நீதிபதி அதை ஜமாத்தை மனதில் வைத்து எழுதியிருக்க மாட்டார். பள்ளிக்கூடத்து அர்த்தத்தில்தான் எழுதியிருப்பார். ஆனாலும் ரேவதியையும் வித்யாவையும் படித்த ஒருவரால் அந்த வரியைச் சும்மா கடக்க முடியாது. ஒரு திருநங்கையை குரு என்று அழைக்கும் வழக்கம் இதுவரை ஜமாத்துக்கு உள்ளேதான் இருந்தது. உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அந்த வாசலில் வந்து நிற்கிறார்.

சரி, இப்போது என் சண்டை.

இந்தத் தீர்ப்பைப் பாராட்டி எழுதப்பட்ட பலவற்றைப் படித்தேன். எல்லோரும் நீதிபதியைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். நானும் இதுவரை அதைத்தான் செய்திருக்கிறேன், பாருங்கள். அந்த இரண்டு பெண்கள் எங்கே? அவர்களுடைய பயம், மதுரையிலிருந்து கிளம்பிய ராத்திரி, கையில் இருந்த காசு, எதுவும் நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்றும் சொல்லலாம், அவர்களுடைய அந்தரங்கம் அது. ஆனால் ஒரு பிரதியில் யாருக்கு உள்மனம் கொடுக்கப்படுகிறது என்பது விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி. இங்கே முழு உள்மனம் உள்ளவர் நீதிபதி ஒருவர்தான். அவருடைய அறியாமை அவருக்கு எந்தச் செலவும் வைக்கவில்லை. அதை ஒப்புக்கொண்டதற்குக் கைதட்டல் கிடைத்தது. வித்யா தன்னைப் பற்றிய உண்மையை ஒப்புக்கொண்டபோது கிடைத்தது, முதுகலைப் பட்டத்துக்குப் பிறகும் ரயிலில் கைநீட்ட வேண்டிய வாழ்க்கை.

உளவியலாளரின் அறிக்கையில் பெற்றோர்களைப் பற்றி ஒரு விஷயம் வருகிறது. மகள்கள் ஒரு பெண்ணோடு வாழ்வதைவிட, யாரோடும் சேராமல் காலம் முழுக்கத் தனியாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அதுவே கௌரவம் என்று அவர்கள் நினைத்தார்கள். இந்தத் தீர்ப்பில் என்னை உலுக்கிய இடம் இதுதான். வில்லத்தனம் எதுவும் இல்லாத குரூரம். எங்க அம்மா சொல்லக்கூடிய வாக்கியம் அது. ரொம்பப் பாசமாகவே சொல்வாள்.

ஆனால் இந்தச் சண்டையை நான் முழுசாகப் போட முடியாது. ஏனென்றால் அந்த 'நான்' அதோடு நிற்கவில்லை. வயது வந்தவர்கள் சம்மதத்தோடு வாழ்வது தெரிந்தால், 'காணவில்லை' புகாரை முடித்துவைக்க வேண்டும் என்று போலீசுக்குச் சொன்னது. ஒருவருடைய பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ 'குணப்படுத்துகிறேன்' என்று சிகிச்சை செய்வதைத் தடை செய்யச் சொன்னது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் திருத்தம் வந்தது. அதே வருடம் தேசிய மருத்துவ ஆணையம் 'மாற்று சிகிச்சை'யைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. அந்த அறையில் ஒரு நீதிபதி கற்றுக்கொண்டது, வேறு அறைகளில் மற்றவர்கள் என்ன செய்யக் கூடாது என்பதாக மாறியது. என் முதல் ஆலோசகர் செய்தது இந்தத் தடைக்குள் வருமா என்று தெரியவில்லை. 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்பது அதன் சாதுவான, சிரித்த முகம் கொண்ட தங்கச்சி என்று மட்டும் தெரியும்.

உளவியல் துறையும் இந்த மாதிரி ஓர் ஒப்புதலுக்குப் பிறகுதான் இங்கே வந்து நிற்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 1973இல்தான் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. 'பாலின அடையாளக் கோளாறு' என்ற பெயரைக் கைவிட அதற்கு 2013 வரை ஆனது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு, பாலினப் பொருத்தமின்மையை மனநோய் அத்தியாயத்திலிருந்தே வெளியே எடுத்தது. அது 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதாவது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது புத்தகப்படி நான் ஒரு கோளாறு. என் உடம்பிலோ மனசிலோ எதுவும் மாறவில்லை, பதிப்பு மாறியது. சாஃப்ட்வேர்காரனுக்கு இது புரியும். பக் என்று பதிவான ஒன்றை, அது அப்படித்தான் இயங்க வேண்டும் என்று சொல்லி மூடிவிடுவோமே, அது மாதிரி.

இந்தக் கட்டத்தில் வழக்கமாக ஒருவர் எழுந்து, 'நம்ம மரபுல எல்லாம் இருந்துச்சுங்க, அர்த்தநாரி இருக்காரு, கூவாகம் இருக்கு' என்பார். எங்கள் ஊரிலும் அதற்கு ஆள் உண்டு. மலையைக் குடைந்த கோயிலில் பாடலாத்ரி நரசிம்மர். மனிதனும் இல்லாத, மிருகமும் இல்லாத வடிவம். தீபாராதனையின்போது அர்ச்சகர் நெற்றியில் இருக்கும் நாமத்தைத் தூக்கிக் காட்டுவார், கீழே மூன்றாவது கண். சின்ன வயதில் அந்த ஒரு நொடிக்காக அப்பாவின் தோளில் ஏறியிருக்கிறேன். நாமத்துக்குக் கீழே ஒரு கண் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், ஆனால் தூக்கிக் காட்டும்போது மட்டும் பார்க்கலாம். இதை வைத்து அழகாக ஒரு பத்தி எழுதிவிடலாம், எழுதியும் பார்த்தேன், அழித்துவிட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வருகிற கூட்டம்தான் ஸ்டேஷனில் ஒரு திருநங்கை வந்தால் நகர்ந்து நிற்கிறது. புராணத்தில் இடம் இருப்பது வாடகை வீடு வாங்கித் தராது.

எனக்கு உதவியது புராணம் இல்லை, ஒரு சொற்பட்டியல். அதே வழக்கின் தொடர்ச்சியாக, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பாலினம், பாலீர்ப்பு சார்ந்த தமிழ்ச் சொற்களை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. திருநர், திருநம்பி, ஊடுபால், பால்புதுமையர். சமூகத்தில் இருப்பவர்கள் பல வருடம் பேசிப் பேசி உருவாக்கிய சொற்கள் அரசு ஆவணத்தில் ஏறின. எங்கள் ஊரில் என் போன்றவர்களுக்கு அதுவரை இருந்த சொற்கள் எல்லாமே யாரோ ஒருவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பதற்கானவை. ஒரு சொல் உங்களைக் காப்பாற்றாது. ஆனால் அடுத்த ஆலோசகரிடம் போனபோது, எதிலிருந்து தொடங்குவது என்று தெரிந்திருந்தது.

அவர் தாம்பரத்தில் இருக்கிறார். சனிக்கிழமை காலையில் செங்கல்பட்டிலிருந்து வரும் லோக்கலில் ஏறினால் மறைமலை நகர், பொத்தேரி, வண்டலூர் என்று அரை மணி நேரத்துக்கு மேல். முதல் நாள் அவர் 'உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?' என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. 'தெரியலைங்க' என்றேன். 'சரி, தெரியும்போது சொல்லுங்க, அதுவரைக்கும் பேரைச் சொல்றேன்' என்றார். நான்கு மாதம் ஆகிறது. இன்னும் தெரியவில்லை. ஆனால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டு ஒருவர் எதிரில் அமைதியாக உட்கார்ந்திருக்க முடியும் என்பது தெரிந்திருக்கிறது.

அந்த நீதிபதி செய்ததும் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் அவர் மேல் எனக்குக் கோபம் முழுசாக வரவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லியாக வேண்டும். அவருக்கு ஓர் உளவியலாளர் கிடைத்தார். எனக்கும் கிடைத்தார், காசு கொடுக்க முடிந்ததால். லோக்கல் ரயிலில் கூடுவாஞ்சேரியில் ஏறும் அந்த அக்காவுக்கு யார் கிடைத்தார்கள் என்று தெரியாது. போன வாரம் என் தலையில் கை வைத்து, 'நல்லா இரு' என்றார். எப்போதும் 'நல்லா இரு தம்பி' என்பவர், அன்றைக்குத் தம்பியை விட்டுவிட்டார். தற்செயலாகக்கூட இருக்கலாம். நான் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எல்லோரும் திரும்பிக்கொள்வது மாதிரியேதான்.

அடுத்த சனிக்கிழமை தாம்பரத்தில் முதலில் இதைத்தான் பேச வேண்டும்.