இரண்டு கிழவர்களும் எருசலேமும்

யாத்திரை நூல் எழுதுவது சுலபம் என்று நம்மிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. போனேன், பார்த்தேன், கும்பிட்டேன், திரும்பினேன் என்று நான்கு வினைச்சொற்களை வைத்துக்கொண்டு இருநூறு பக்கம் நிரப்பிவிடலாம். நிரப்பியும் இருக்கிறார்கள். காசி, பத்ரி யாத்திரை நூல்களில் பல இப்படித்தான். எருசலேம் யாத்திரை நூல்களிலும் பல இப்படித்தான். பக்தர்கள் எழுதுகிறார்கள், பக்தர்கள் படிக்கிறார்கள், இதில் இலக்கிய விமரிசகனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு என்பது என் கட்சி. எழுதுகிறவரின் பக்தியை அளந்து பார்க்க எவனுக்கும் உரிமை கிடையாது. ஆனால் அவர் தம் கண்ணால் பார்த்து எழுதினாரா, பிறர் பார்த்ததைத் திருப்பிச் சொன்னாரா என்று கேட்க வாசகனுக்கு உரிமை உண்டு.

நான் வசிக்கும் ஆலங்குடிக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. குரு ஸ்தலம் என்று பிரசித்தி பெற்ற ஆலங்குடி இது அல்ல. அது திருவாரூர் மாவட்டத்தில், வலங்கைமான் பக்கத்தில் இருக்கிறது. எங்களுடையது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி. செம்மண்ணும் பலாவும் தென்னையுமாக இருக்கும் ஊர். குருப்பெயர்ச்சி சமயத்தில் யாராவது இங்கே பஸ்ஸை விட்டு இறங்கி, "குரு கோயில் எந்தப் பக்கம்?" என்று விசாரிப்பார்கள். "நீங்க போகவேண்டிய ஆலங்குடி இது இல்லீங்களே" என்று பதில் வரும். சிலர் முகம் வாடி அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்கள். சிலர், வந்தது வந்தோம் என்று, இங்கே இருக்கும் ஈசுவரனைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இந்த இரண்டாவது வகையினரிடம் எனக்கு மரியாதை அதிகம். இடம் தவறினாலும் கும்பிடுவதற்கு ஏதோ ஒன்று கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள்.

எருசலேமிலும் இந்தச் சங்கடம் உண்டு. கிறிஸ்துவின் கல்லறை என்று காட்டப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று, கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி கட்டுவித்து, கி.பி. 335-ல் அர்ச்சிக்கப்பட்ட பரிசுத்த கல்லறை ஆலயம். மற்றொன்று, மதிலுக்கு வெளியே, டமாஸ்கஸ் வாசலுக்கு வடக்கே இருக்கும் தோட்டக் கல்லறை. 1883-ல் எருசலேமில் தங்கியிருந்த ஜெனரல் கார்டன், அங்கே ஒரு பாறை மண்டையோட்டைப் போல் தெரிவதைக் கண்டு, இதுதான் கொல்கொதா என்று வாதித்தார். தொல்லியலார் பலர் முதல் இடத்தின் பக்கம் நிற்கிறார்கள்; புராட்டஸ்டண்டு யாத்திரிகர் பலருக்கு இரண்டாவது இடத்து அமைதிதான் மனசுக்கு ஒத்துவருகிறது. இதில் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் நம் யாத்திரை நூல்கள் இந்தச் சிக்கலை என்ன செய்கின்றன என்று பாருங்கள். ஒரு கல்லறையைச் சொல்லி மற்றதை மறைத்துவிடுகிற நூல்கள் உண்டு. இரண்டையும் சொல்லி, இரண்டு இடத்திலும் ஒரே அளவு கண்ணீர் வடிக்கிற நூலும் ஒன்று என் கையில் கிடைத்தது. "எது உண்மை என்று தெரியாமல் நின்றேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்த ஆசிரியரை நான் கடைசி வரை நம்பியிருப்பேன். அந்தத் திகைப்புத்தான் யாத்திரிகனின் சொந்தச் சொத்து. அதை அவர் வழியிலேயே தொலைத்துவிட்டு, வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்ததைக் கொண்டுவந்து நமக்குத் தருகிறார்.

மார்க் ட்வெயின் 1867-ல் ஓர் அமெரிக்கக் கூட்டத்தோடு கப்பலில் பாலஸ்தீனம் போனார். 1869-ல் வெளிவந்த அவருடைய பிரயாண நூலில் இந்த வியாதியைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு சபைக்காரரும் தம் சபைக்கு ஏற்ற பாலஸ்தீனத்தை முன்னாலேயே மனசில் கட்டிக்கொண்டு போய், அங்கே அதையே கண்டு திரும்புகிறார்களாம். கலிலேயாக் கடலைப் பார்த்து என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூட முன்னால் போனவர்களின் புத்தகம் தீர்மானித்துவிடுகிறது என்று அவர் கேலி செய்கிறார். கேலி நியாயமானது. ஆனால் ட்வெயினிடம் ஒரு குறை. பிறர் கண்ணால் பார்ப்பவர்களைப் பரிகசித்த அவர், பல இடங்களில் பரிகாசத்தின் கண்ணால் மட்டுமே பார்த்தார். அதுவும் முன்னாலேயே செய்துகொண்ட கண்ணாடிதான்.

முன்பெல்லாம் நம் ஊர்ப்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு எருசலேம் என்பது எட்டாத தூரம். வசதி உள்ளவர்களும் பாதிரிமார்களும் போய்வருவார்கள். 2011-12-ல் தமிழ்நாடு அரசு இந்த யாத்திரைக்கு மானியம் தரத் தொடங்கியது. முதலில் ஆண்டுக்கு 500 பேர், ஆளுக்கு 20,000 ரூபாய் என்று ஏற்பாடு. அதன் பிறகு சாமானியக் குடும்பத்துப் பெண்களும் ஓய்வு பெற்ற வாத்தியார்களும் போய்வருவது அதிகமாயிற்று. எங்கள் தாலுகாவில் அப்படிப் போய்வந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் சொன்னார்: "யோர்தான், யோர்தான்னு சின்ன வயசிலேருந்து பாடினோமே தம்பி, நம்ம கல்லணைக் கால்வாய் அகலம்கூட இல்லை. கலங்கல் தண்ணி. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்திட்டுது. இவ்வளவு சின்ன ஆத்துக்கா அவர் இறங்கி வந்தார்னு."

இந்த நாலு வாக்கியத்துக்கு ஈடாக, நான் படித்த யாத்திரை நூல்களில் ஒரு பக்கம் இல்லை. ஆற்றின் அகலம் இதில் இருக்கிறது, ஏமாற்றம் இருக்கிறது, அந்த ஏமாற்றமே பக்தியாக மாறும் கணமும் இருக்கிறது. அந்த அம்மாள் எழுதச் சொன்னால் எழுத மாட்டார். எழுதினாலும் "புண்ணிய நதியாம் யோர்தானின் பரிசுத்த நீரில்" என்று தொடங்கிவிடுவாரோ என்பது என் பயம். அச்சில் வருகிறதென்றால் நம்மவர்களுக்குச் சொந்தக் குரல் போய்விடுகிறது.

நேரில் பார்த்தால்தான் எழுத முடியும் என்கிறாயா என்று யாராவது என்னை மடக்கலாம். அதற்கும் நம்மிடம் பதில் இருக்கிறது. வீரமாமுனிவர் லிஸ்பனில் கப்பல் ஏறி 1710-ல் கோவாவில் இறங்கியவர். பாலஸ்தீனம் அவர் வந்த வழியில் இல்லை. 1726-ல் அவர் முடித்த தேம்பாவணி 36 படலமும் 3615 பாட்டும் கொண்டது. காவியத் தலைவன் சூசையப்பர், தமிழில் வளன். நாட்டுப் படலத்தில் யூதேயாவை வருணிக்கும்போது மேகம் மலையில் படிந்து, மழை பெய்து, வெள்ளம் பெருகி, வயல் விளைகிறது. வறண்ட கல்பூமியில் ஏது இவ்வளவு தண்ணீர் என்று பூகோளம் படித்தவர் சிரிக்கலாம். நான் சிரிக்கமாட்டேன். கம்பன் சரயுவைப் பார்த்தா கோசலத்தைப் பாடினான்? காவேரிக் கரைக்காரனுக்கு வளம் என்றால் என்ன என்று தெரிந்த பாஷையில் பாடினான். முனிவரும் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டு, அதில் எருசலேமைத் தமிழனுக்குப் பக்கத்து ஊராக ஆக்கிவிட்டார். யாத்திரை நூல்காரர் சென்று வந்தும் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்காத ஊருக்கு, போகாத முனிவர் நம்மைக் கூட்டிப்போகிறார். காரணம், அவர் பார்த்ததாகப் பாசாங்கு செய்யவில்லை. கற்பனை என்று சொல்லிக்கொண்டு வருகிற கற்பனை பொய் ஆகாது. பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு வரும் இரவல் வருணனைதான் பொய்.

போகமுடியாதவர்களுக்காக ஊரையே கொண்டுவந்து வைக்கும் இந்த வழி கிறிஸ்தவ மார்க்கத்துக்குப் புதிது அல்ல. கோயில் சுவர்களில் 14 நிலைகளாக இருக்கும் சிலுவைப் பாதை, எருசலேமுக்குப் போக வகையில்லாத ஏழைகளுக்காகப் பரவியதுதான். பிரான்சிஸ்கன் துறவிகள் பரப்பினார்கள். 1731-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெண்ட் 14 என்று எண்ணிக்கையை உறுதி செய்தார். தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் ஒரு கிழவி அந்தப் பதினான்கு படங்களுக்கு முன்னால் முழந்தாள் இடுவதும் எருசலேம் யாத்திரைதான்.

இவ்வளவும் சொன்னது ஒரு கதைக்கு வருவதற்காக. 1885-ல் டால்ஸ்டாய் எழுதிய 'இரண்டு கிழவர்கள்'. எருசலேம் யாத்திரையைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்டவற்றுள் அதைவிடச் சிறந்தது இருக்கலாம், நான் படித்ததில்லை.

எஃபீம் வசதியுள்ள குடியானவன், கண்டிப்பானவன், குடியும் பொடியும் தொடாதவன். எலிஸேய் தேனீ வளர்ப்பவன். கொஞ்சம் குடிப்பான், பொடி போடுவான், பாடுவான். இருவரும் சேர்ந்து எருசலேமுக்கு நடக்கிறார்கள். வழியில் தண்ணீர் கேட்க எலிஸேய் ஒரு குடிசைக்குள் நுழைகிறான். உள்ளே ஒரு குடும்பம் பட்டினியில் சாகக் கிடக்கிறது. ரொட்டி கொடுக்கிறான், தண்ணீர் இறைக்கிறான், அடுத்த நாளும் தங்குகிறான். பிறகு மாடு, குதிரை, வண்டி என்று வாங்கித் தருகிறான். எண்ணிப் பார்த்தால் கையில் மிச்சம் 17 ரூபிள் 20 கோபெக். அதை வைத்துக்கொண்டு கடல் தாண்ட முடியாது. வீட்டுக்குத் திரும்பிவிடுகிறான். எஃபீம் மட்டும் எருசலேம் போகிறான். கல்லறைக்கு முன்னால், கூட்டத்துக்கெல்லாம் முன்னே, எலிஸேயின் வழுக்கைத் தலை பளபளக்க அவன் நிற்பதைக் காண்கிறான். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

கதையின் நுட்பம் எஃபீமின் எருசலேமை டால்ஸ்டாய் எழுதும் விதத்தில் இருக்கிறது. எங்கே போனான், எதைக் காட்டினார்கள், எங்கே மெழுகுவத்தி ஏற்றினான் என்று ஒரு ஜாபிதா வருகிறது. நம் யாத்திரை நூலின் ஒரு அத்தியாயத்தைக் கிழித்து ஒட்டியதுபோல் இருக்கும். நடுநடுவே எஃபீமின் கை மடியில் இருக்கும் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. கூட வந்த யாத்திரிகன் தன் பணம் திருடு போயிற்று என்று சொன்னால், இவன் பொய் சொல்கிறான் என்று சந்தேகிக்கிறது மனசு. டால்ஸ்டாய் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. எஃபீம் கெட்டவனும் அல்ல, நேர்ந்துகொண்டதை நிறைவேற்றினவன். அவனையே சாட்சியாக நிறுத்துகிறார் ஆசிரியர். அந்தக் காட்சி தெரிவது பணப்பையைத் தடவிக்கொண்டிருப்பவனின் கண்ணுக்கு. அதனால்தான் நாம் நம்புகிறோம். எலிஸேய்க்குக் காட்சி கிடைத்தது என்று எழுதியிருந்தால் அது பிரசங்கமாகப் போயிருக்கும்.

எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. முடிவில் எஃபீம் ஊர் திரும்பி, தேன்கூடுகளின் நடுவே கைகளை விரித்து, தலை பளபளக்க நிற்கும் எலிஸேயைப் பார்க்கிறான். எருசலேமில் கண்ட அதே தோற்றம். எலிஸேய் பேச்சை மாற்றிவிடுகிறான். அங்கே கதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் எஃபீம் என்ன பாடம் கற்றான் என்று டால்ஸ்டாய் எடுத்துச் சொல்கிறார். அந்தக் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டால் ஒன்றும் குறையாது. எலிஸேய்க்கு இருந்த அடக்கம் அந்த ஒரு பத்தியில் அவனைப் படைத்தவருக்கு இல்லாமல் போயிற்று.

சரி, டால்ஸ்டாய் யாத்திரை போகாதே என்கிறாரா? அப்படிப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. எலிஸேய் புறப்படாமல் வீட்டிலேயே இருந்திருந்தால் அந்தக் குடிசை அவன் கண்ணில் பட்டிருக்காது. யாத்திரை போனதால்தான் குடிசை எதிர்ப்பட்டது. போகிற வழியில் எது எதிர்ப்படுகிறதோ அதைப் பார்ப்பதுதான் யாத்திரை.

இந்த அளவுகோலை வைத்துத்தான் நம் எருசலேம் நூல்களின் மேல் எனக்கு வருத்தம். பெத்லகேமுக்குப் போகிற பஸ், 2002 முதல் இஸ்ரேல் எழுப்பிய சுவரைத் தாண்டித்தான் போகிறது. காவல் சாவடி இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிவ மரத்தில் சொரூபம் செதுக்கி யாத்திரிகர்களுக்கு விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக இருந்த அந்த ஊரில், இன்று அவர்கள் குறைந்து சிறுபான்மையாகிவிட்டார்கள். 2023 அக்டோபரில் யுத்தம் மூண்டபிறகு யாத்திரிகர் வரத்து நின்று, அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே அந்த ஊர் ரத்து செய்தது. நான் படித்த நூல்களில் இயேசு பிறந்த இடத்தைக் குறிக்கும் நட்சத்திரம் வருகிறது. அதை முத்தமிடக் குனிந்தவர்களின் வரிசை வருகிறது. சொரூபத்தின் விலையும் வருகிறது. விற்றவனின் முகம் வரவில்லை. சுவர் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எப்படிக் கண்ணில் படாமல் போகும்? பட்டது, எழுதத் தகுந்தது என்று தோன்றவில்லை. அதுதான் குறை.

அரசியல் எழுதச் சொல்லவில்லை நான். யார் பக்கம் நியாயம் என்று யாத்திரிகர் தீர்ப்பு வழங்க வேண்டியதில்லை. சொரூபம் விற்றவனின் விரல் எப்படி இருந்தது, அவனுக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களில் எத்தனை பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். கல்லறை இரண்டில் எது மெய் என்பதைக் கடைசிவரை யாரும் அறுதியிட முடியாமல் போகலாம். விற்றவனின் முகம் மெய்யா என்று சந்தேகப்பட ஒன்றும் இல்லை. எதிரே நின்றுதானே காசை எண்ணி வாங்கிக்கொண்டான்.